விலையை மட்டும் பார்த்தால் போதாது

ரஷ்யா–உக்ரைன் எரிவாயுத் தகராறு வெறும் விலைச் சண்டை என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. ரஷ்யாவிடமிருந்து உக்ரைன் எரிவாயு வாங்கச் செய்த 2009 ஜனவரி ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஆயிரம் கன மீட்டருக்கு அடிப்படை விலை 450 டாலர். அது முந்தைய ஒன்பது மாத டீசல், உலை எண்ணெய் விலைகளின் சராசரியோடு ஏறி இறங்கியது. கச்சா எண்ணெய் சரிந்தாலும் எரிவாயு பில் குறைய மாதங்கள் ஆகும் நிலை இருந்தது.

உண்மையான கண்ணி, 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்' என்ற விதிதான். உக்ரைன் வாங்க ஒப்புக்கொண்ட ஆண்டு அளவு 5,200 கோடி கன மீட்டர். அதில் 80 சதவீதத்துக்கு, அதாவது 4,160 கோடிக்கு, எரிவாயுவை எடுக்காவிட்டாலும் பணம் கட்டியே ஆக வேண்டியிருந்தது. உக்ரைனின் தேவை பிறகு அதைவிட வெகுவாகக் குறைந்தது. இந்த ஒப்பந்த வழக்கை விசாரித்த ஸ்டாக்ஹோம் நடுவர் மன்றம் 2017 டிசம்பரில் ஆண்டு அளவை 500 கோடியாக வெட்டியது.

2010-இல் ரஷ்யா தந்த விலைத் தள்ளுபடியும் சும்மா வரவில்லை. அதிகபட்சம் 100 டாலர் குறைப்புக்கு ஈடாக, கிரிமியாவின் செவஸ்தபோலில் ரஷ்யக் கடற்படைத் தளத்துக்கு உக்ரைன் தந்த குத்தகை 2042 வரை நீண்டது. இதை விலை என்பதா, வாடகை என்பதா?

இன்னொன்று: குழாயில் எரிவாயு தானாக ஓடாது. வழியெங்கும் உள்ள அழுத்த நிலையங்கள் பெரும்பாலும் அதே எரிவாயுவை எரித்துத்தான் இயங்குகின்றன. உக்ரைன் வழியே ஐரோப்பாவுக்குப் போன ரஷ்ய எரிவாயுவுக்கு அந்த எரிபொருளை யார் தருவது என்பதும் 2009 தகராறில் ஒரு முக்கியப் பிரச்சினை.