அவன் அழுததில் என்ன சிரிப்பு?

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

சிகரெட்டை விட்டு 12 நாள் ஆன பையன். எல்லார் முன்னாலும் உடைந்து அழுதான். ஒருவர் சிரித்தார். ஒருவர், "இதுக்கு நீ குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றார். இன்னொருவர் பாக்கெட்டைத் திறந்து, ஒன்றைப் பாதி வெளியே தள்ளி, அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

அவன் அழுதது கோழைத்தனம் இல்லை. புகையை இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். தினம் 10 சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 100 முறை. அதை வருடக்கணக்கில் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் வரும், தூக்கம் போகும், காரணமே தெரியாமல் அழுகை முட்டும். முதல் வாரம் ரொம்ப மோசம். பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் தணியும். அவன் இப்போது அதன் நடுவில் நிற்கிறான். திரும்பவும் சொல்கிறேன், கோழைத்தனம் இல்லை.

"விளையாட்டுக்குத்தானே" என்பீர்கள். சாராயத்தை விட்டவன் முன்னால் பாட்டிலைத் திறந்து வைத்து விளையாடுவீர்களா?

"மனஉறுதி போதும், எங்க மாமா ஒரே நாளில் விட்டார்." விட்டிருக்கலாம், சந்தோஷம். என்னால் முடியவில்லை. 2017-ல் நான் விட்ட மூன்றாவது வாரம், ஆபீஸ் பைக் ஸ்டாண்டில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். கை தானாகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. டீக்கடைக்குப் போனால் சிகரெட் பற்றவைக்கத் தூணில் தொங்கும் கயிறும் அதன் நுனிக் கங்கும்தான் கண்ணில் படும். டீ தொண்டையில் இறங்காது.

"வீட்டில் எரிந்து விழுகிறானே, அவன் மனைவி என்ன பாவம் செய்தாள்?" நியாயமான கேள்வி. அவளிடம் அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் மருந்து சிகரெட் இல்லை.

எங்கள் அப்பாவும் ஒருமுறை விட்டார். பத்தாவது நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். குழம்பு தரையெல்லாம் ஓடியது. "நீங்க குடிச்சே தொலைங்க" என்று கத்தியது நான்தான். அன்று சாயங்காலமே வாங்கிவிட்டார். அப்புறம் கடைசி வரைக்கும் விட முயற்சி செய்யவே இல்லை. நீட்டிய அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

தம்பி, 1800-11-2356 என்று சிகரெட் பெட்டியிலேயே போட்டிருக்கிறானே, அது புகையிலையை விட உதவும் இலவச எண், கூப்பிட்டுப் பேசு. நாலு வாரம் தாண்டியும் மனசு இருண்டே கிடந்தால் டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன். இடையில் ஒன்றைக் குடித்துவிட்டாலும் என்னிடம் மறைக்காதே, மறுநாள் திரும்ப ஆரம்பிக்கலாம். ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு. பேசக்கூட வேண்டாம், நான் லைனில் இருக்கிறேன்.