மாலையில் திரும்பி வந்துவிடும் குழந்தைக்காக ஒரு பாட்டு

தாயன்பைப் பற்றிய பாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் மகன் தாயைப் போற்றும் குரல்தான். அவள் கோயில், அவள் தெய்வம், அவளுக்குப் பட்ட கடனை ஏழு பிறப்பிலும் தீர்க்க முடியாது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டுகளில் தாய் வாய் திறப்பதே இல்லை. அவள் தானே பாடும் தாலாட்டோ குழந்தை கண்ணயர்ந்ததும் முடிந்துவிடுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னால் நிற்கிறவளுக்கு என்ன பாட்டு இருக்கிறது?

எனக்கு அகப்பட்ட விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. அபா என்ற பாப் இசைக்குழுவினர் 1981 நவம்பரில் வெளியிட்ட 'தி விசிட்டர்ஸ்' தொகுப்பில் உள்ள 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' என்ற பாட்டு அது. விரலிடுக்கில் நழுவிப் போகிறாள் என்று பொருள். குழுவின் பியோர்ன் உல்வேயஸ், பள்ளிக்கு நடந்து செல்லும் தம் மகள் லிண்டா திரும்பிப் பார்த்துக் கையசைத்ததைக் கண்டபோது, இத்தனை ஆண்டுகளில் எதையெல்லாம் தவறவிட்டோம் என்று எண்ணியதிலிருந்து பிறந்த வரிகள். அவற்றைப் பாடியவர் லிண்டாவின் தாய் அக்னேதா ஃபெல்ட்ஸ்காக். இருவரும் பிரிவதாக 1979 தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டிருந்தார்கள். பிரிந்த கணவர் எழுதிக் கொடுத்த வரிகளை, அதே மகளை நினைத்து, ஒலிவாங்கியின் முன் நின்று அந்தத் தாய் பாடியிருக்கிறார்.

தாயின் மனத்தை ஓர் ஆண் எழுதலாமா என்று இதைக் கேட்ட தோழி ஒருத்தி வினவினாள். நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தைகளை விட்டுவிட்டு நாடு நாடாகச் சுற்றுப்பயணம் போவதை அக்னேதா விரும்பியதில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. ஆகவே எழுதியவருடைய வருத்தம் பாடியவருடையதாகவும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். குரலை உயர்த்தி அழாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதைப் போல அவர் பாடுவதைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித் தோன்றக்கூடும்.

இந்தப் பாட்டில் ஒரு தியாகமும் இல்லை. முதல் பகுதியில் மகள் பையோடு கையசைத்துக் கிளம்புகிறாள், தாய் சற்று நேரம் உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டாம் பகுதியில் வருவது காலை உணவு மேசை மட்டுமே. தாய், மகள் இருவர் கண்ணிலும் தூக்கம் கலையவில்லை. அந்த அருமையான நேரம் பேச்சின்றியே கழிகிறது. மகள் கிளம்பிப் போன பிறகுதான் இனம் தெரியாத ஒரு சோர்வும், மறுக்க முடியாத குற்ற உணர்வும் தாயைப் பிடித்துக்கொள்கின்றன. இருவரும் சேர்ந்து போக நினைத்திருந்த இடங்களில் சிலவற்றுக்குத்தான் போயிருக்கிறார்கள். மற்றவை ஏன் நடக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. மகளின் உலகத்துக்குள் தான் நுழைந்ததே இல்லையோ என்றும் அவள் அஞ்சுகிறாள். பெற்றவளுக்குப் பிள்ளையின் மனம் தெரியாதா என்று எளிதாகச் சொல்லிவிடுகிற நம் ஊரில், தெரியவில்லை என்று ஒரு தாய் ஒப்புக்கொள்வதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. (ஜப்பானில் இதே பாட்டை கோக்க-கோலாவின் விளம்பர இசைத்தட்டாகவும் வெளியிட்டார்களாம். குற்ற உணர்வுக்கும் குளிர்பானத்துக்கும் என்ன உறவோ!)

பின்னாளில் அபாவின் பாட்டுகளைக் கொண்டே அமைந்த 'மம்மா மியா' இசைநாடகத்திலும், 2008இல் வந்த அதன் திரைப்படத்திலும் இப்பாட்டு திருமண நாளுக்கு இடம்பெயர்ந்தது. படத்தில் நடிகை மெரில் ஸ்ட்ரீப் தம் மகளாக நடிப்பவரை மணப்பெண்ணாக அலங்கரித்தபடியே பாடுவார். அரங்கில் கண்ணீர் வராதவர்கள் குறைவு. எனக்கும் வந்தது. இருந்தாலும் அந்த இடமாற்றத்தில் பாட்டின் கூர்மை சற்று மழுங்கிவிட்டது என்பதே என் கருத்து. மணமாகிப் புறப்படும் மகளுக்காக அழுவதற்கு எல்லாச் சமூகங்களும் இடம் தந்திருக்கின்றன. நாள் குறித்து, உறவினரைக் கூட்டி வைத்தே அழலாம். மூலப்பாட்டிலோ மகள் எங்கும் போய்விடவில்லை. மாலையில் அதே பையோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படி வந்துவிடப் போகிறவளுக்காக ஒருத்தி சற்று நேரம் உட்கார்ந்துகொள்ள வேண்டியிருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். பாட்டு தொடங்கிய இடத்துக்கே, அதே பை, அதே கையசைப்பு என்று திரும்பி வந்து முடிவதும் இதனால்தான். நாளைக் காலையும் இதுவே நடக்கும்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் ஒரு நாள், இட்லியைப் பிட்டுச் சர்க்கரையில் தொட்டுக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டாள். நான் ஒரு கையால் அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, மறு கையில் அலுவலகச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் சொல்றேன், சாப்பிடு, வேன் வந்துடும்" என்றேன். வேனும் வந்துவிட்டது. மாலையில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், காலையில் என்ன கேட்டாய் என்று விசாரித்தேன்.

"எப்பம்மா?" என்றாள்.