2ன்னு போட்டா உங்க 1க்கு வெயிட் குறையுமா?

"விருப்ப வரிசை ஓட்டுல 2ன்னு இன்னொருத்தருக்கு போட்டா உங்க 1க்கு வெயிட் குறைஞ்சிடும், ஒரே பேரோட நிறுத்திக்கோங்க"ன்னு ஒரு ஃபார்வேர்ட் சுத்துது. (விருப்ப வரிசை ஓட்டுன்னா, வேட்பாளர்களுக்கு உங்களுக்கு பிடிச்ச வரிசையில 1, 2, 3ன்னு நம்பர் போடுறது.) தப்புங்க. உங்க 1 போட்டியில இருக்கிற வரைக்கும் எண்ணுறவங்க 2 யாருன்னு பாக்கவே மாட்டாங்க, நீங்க 1 போட்டவர் கடைசியா வந்து வெளிய போனாத்தான் உங்க ஓட்டுச்சீட்டை எடுத்து 2 வாங்கினவரோட கட்டுல வைப்பாங்க. 1990 அயர்லாந்து ஜனாதிபதி தேர்தல்ல முதல் சுத்துல லெனிஹன்தான் முன்னாடி, மூணாவதா வந்த கர்ரி வெளிய போனதும் அவரோட ஓட்டுச்சீட்டுல பெரும்பாலானது மேரி ராபின்சனுக்கு போய் அவங்க ஜெயிச்சாங்க. (போர்டா முறைன்னு வேற ஒரு எண்ணுற முறை இருக்கு, அதுல 2க்கும் புள்ளி உண்டு, அதையும் இதையும் யாரோ குழப்பியிருக்காங்க போல.) அந்த ஃபார்வேர்டுல இருக்கிற 'ஒரே பேர்' அட்வைஸ்தான் இன்னும் மோசம், ஆஸ்திரேலியா பிரதிநிதிகள் சபைக்கு பல பேர் நிக்கிறப்போ வெறும் 1 மட்டும் போட்டா ஓட்டே செல்லாது, அந்த நாட்டு தேர்தல் ஆணைய சைட்லயே பாத்துக்கலாம். தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க.