கார்டியன் பேப்பரில் கர்ப்பப்பைக்குக் கட்டம் இல்லை

போன மாசம் திங்கள்சந்தையில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது மைனி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீதான பிள்ளைக்கு கார்டியன்? ஒரு கையெழுத்தைப் போட்டு அந்தக் கெர்ப்பப்பைய எடுத்துப் போட வேண்டியதுதான? மாசாமாசம் என்னத்துக்கு இந்தச் சள்ளை?"

பக்கத்தில் என் தங்கச்சி பேப்பர் கப்பில் மிச்சமிருந்த பாயசத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். வயசு 31. அறிவுசார் குறைபாடு உண்டு, காது நன்றாகக் கேட்கும்.

மைனி கெட்டவர் இல்லை. எங்கள் அம்மை செத்த அன்றைக்குத் தங்கச்சியைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு ஊட்டியவர் அவர்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பாசமாக இருக்கிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள்.

நான் கார்டியன் ஆனது பேங்க் கணக்குக்காகவும் வீட்டுப் பங்குக்காகவும். நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கினேன். 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. நியமித்த 6 மாசத்துக்குள் அவர்களுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பிறகு வருஷா வருஷம் கணக்கு. நான் எழுதிக் கொடுத்தது: 8 சென்ட்டில் ஒரு பங்கு, ஒரு பாஸ்புக், ஒரு ஜோடி கம்மல். கர்ப்பப்பையை எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை.

அவளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 'பார்த்துக்கொள்வது' என்ற சொல்லுக்குள் ஆளாளுக்கு எதையெதையோ திணிக்கிறார்கள்.

2 வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்று வலியும் மாசமுறையில் அதிக உதிரப்போக்கும். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்க்கவே இல்லை. "கட்டி ஒண்ணும் இல்ல. ஆனா இந்த மாதிரி பிள்ளையளுக்கு எடுத்துடறது நல்லது. கார்டியன் சைன் இருந்தா போதும்." எனக்கு அப்போது சட்டம் எதுவும் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் படித்தேன். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளை பெற முடியாமல் ஆக்குகிற எந்த மருத்துவச் செயலையும் அந்த ஆளின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. சம்மதம் அவளுடையது. அக்காவுடையது என்று அங்கே எழுதியில்லை. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதை 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடுக்கிறது. கருக்கலைப்பில் மட்டும் அந்த 2016 சட்டத்தில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் 6 மாசம் முதல் 5 வருஷம் வரை சிறை என்று சொல்லிவிட்டு, குறைபாடு 'கடுமையாக' இருந்தால் டாக்டர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் போதும் என்று 92ஆம் பிரிவு விட்டுக்கொடுக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்குள் யாரை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

சண்டிகரில் அரசு விடுதியிலேயே கெடுக்கப்பட்டு உண்டான, அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணுக்குக் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். 2009இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, பெறுவதா வேண்டாமா என்பது அவளுடைய தனிமனிதச் சுதந்திரம் என்றது. அதற்கு 15 வருஷம் முன்னால், 1994இல், புனே பக்கம் ஷிரூர் அரசு விடுதியில் இதே குறைபாடுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சொன்ன காரணம் மைனி சொன்னதேதான்: மாசமுறை, சுத்தம், சள்ளை.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்க்கிறார். விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். என் தங்கச்சி மாதிரியே உள்ள 19 வயசு மகள் வீட்டில் தனியாக. "எவனாவது வந்து ஏதாவது செஞ்சிட்டுப் போனா நான் என்ன செய்வேன்? எடுத்துட்டா அந்தப் பயமாவது இல்லல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கர்ப்பப்பையை எடுத்தால் வருகிறவன் வராமல் இருப்பானா? வந்து போனதுகூட வெளியே தெரியாது, அவ்வளவுதான். அவனுக்கல்லவா நாம் வசதி செய்து கொடுக்கிறோம்? கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால், சின்ன வயசிலேயே எலும்பு தேய ஆரம்பிக்கும்.

அந்த அக்காவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பகலில் பிள்ளையை நம்பி விட ஒரு மையம் பக்கத்தில் இல்லை. பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு வேலையை விடு என்று யார் சொல்ல முடியும்?

மாசமுறைச் சள்ளை பற்றி மட்டும் எனக்குச் சொல்ல வாய் உண்டு, ஏனென்றால் அதைத் துவைத்தவள் நான். தங்கச்சியின் ஜட்டியில் பேட் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மார்க்கரால் கோடு வரைந்தேன். கோட்டுக்குள் வைக்க வேண்டும், வெளியே போனால் அவுட். எப்போது மாற்றுவது? அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது, தேயிலை குடிக்கிற நேரம் நன்றாகத் தெரியும். காலைத் தேயிலை, மத்தியானச் சோறு, சாயந்திரத் தேயிலை, படுக்கை. நாலு தடவை. பழசைப் பேப்பரில் சுற்றி மூடி போட்ட வாளியில். 7 மாசம் பிடித்தது. நடுவில் நான் கத்தியிருக்கிறேன், ஒரு நாள் கையும் ஓங்கியிருக்கிறேன். இப்போது அவளே காலண்டரில் சிவப்பு ஸ்கெட்சால் புள்ளி வைக்கிறாள். விருந்தாளி வந்தால் "எனக்கு வந்துட்டு" என்று சத்தமாக அறிவிப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. அதனால் என்ன?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 10ஆம் பிரிவு, பிள்ளைப்பேறு பற்றியும் குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் இவர்களுக்குத் தகவல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "எனக்குக் கல்யாணம் எப்ப?" என்று தங்கச்சி மூணு தடவை கேட்டிருக்கிறாள். மூணு தடவையும் "பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்க்காத அந்த டாக்டருக்கும் எனக்கும் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

வயிற்று வலிக்கு அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனோம், வயசான அம்மா. நான் பேச வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டு, "உனக்கு எங்க மக்களே வலிக்கு?" என்றார். இவள் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள், இடுப்பைக் காட்டினாள், அப்புறம் எதற்கோ முட்டியையும் காட்டினாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூணாவது மாசம் போக்கு குறைந்தது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு. தக்கலை வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் தோளைத் தட்டி, "அக்கா, இனி இந்த டாக்டருகிட்டயே போவோம். அவிய எங்கிட்டல்லா கேட்டாவ" என்றாள்.