உச்சி வெயிலில் கல்வெட்டு படிப்பதா?

கிராமத்துப் பக்கம் உள்ள பழைய இடங்களை ஒரே நாளில் பார்த்துவரலாம் என்று நண்பனோடு கிளம்பினால், விடிகாலை என்று பேசி வைத்தது எப்படியோ பத்து மணி ஆகிவிடுகிறது. கேட்டால், "கல்லு எங்கடா ஓடிப்போகப் போகுது?" என்கிறான். கல் ஓடாது, வெளிச்சம் ஓடிவிடும்!

தரையோடு கிடக்கும் பாறையில் தேய்ந்துபோன எழுத்தைப் படிக்கச் சாய்வெயில் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். சூரியன் தலைக்கு மேலே வந்ததும் நிழல் போய்விடும். எழுத்து எது, வெறும் கீறல் எது என்றே தெரியாது.

சரி, வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தால், சாக்பீஸை எடுத்து எழுத்தின் மேல் தேய்க்கப் போகிறான். பார்த்ததும் பதறிவிட்டேன். அந்தப் பொடி கல்லின் நுண்துளைகளில் ஏறினால் லேசில் போகாது. உதிரக் காத்திருக்கும் விளிம்பும் அந்தத் தேய்ப்பில் போய்விடும். அதைவிட மோசம், தப்பாக ஊகித்துக் கோடிழுத்தால் அடுத்து வருபவரும் அந்தத் தப்பையே படிப்பார்.

குடையால் வெயிலை மறைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலே ஓரளவு தெரிந்திருக்கும். கொண்டுவருகிறேன் என்றவன் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான். இனி இருட்டு பிரியும்போதே அவன் வாசலில் நிற்காவிட்டால் நான் தனியாகவே போகிறேன்.