சுருங்காமல் ஒரு லேமினேஷன்

(திருநெல்வேலி டவுன், ரதவீதியை ஒட்டிய சந்தில் ஒரு ஸ்டுடியோ. பெயர்தான் ஸ்டுடியோ. ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட், ரீசார்ஜ் எல்லாம் போக மிச்ச நேரத்தில் போட்டோவும் எடுப்பார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக நான் அரை மணி நேரம் காத்திருந்தபோது காதில் விழுந்தது இது. அண்ணாச்சி கடைக்காரர், சார்வாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.)

சார்வாள்: அண்ணாச்சி, ஒரு லேமினேஷன். ஓரம் சுருங்காமல் போடும் வே. போன தடவை 'கவி' இருக்கிறது, 'ச்சுடர்' மடிந்து போச்சு.

அண்ணாச்சி: மறுபடியும் சான்றிதழா! இது எத்தனையாவது?

சார்வாள்: 47. தினமும் காலையில் இணையக் கவிதைக் குழுமத்தில் ஒரு தலைப்பு கொடுப்பார்கள், ராத்திரி பத்து மணிக்குள் கவிதையைப் போட்டுவிட வேண்டும், பத்தரைக்கெல்லாம் நம் பேர் போட்டுச் சான்றிதழ் வந்துவிடும்.

அண்ணாச்சி: அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் படித்துவிடுவார்களா? எத்தனை பேர் எழுதுவீர்கள்?

சார்வாள்: ஒரு 200 பேர்.

அண்ணாச்சி: பரிசு?

சார்வாள்: 200 பேருக்கும்தான். யார் மனமும் நோகக்கூடாது என்று நிர்வாகி ஒரு கொள்கை வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி: சரி, நீங்களாவது ஒருத்தர் எழுதியதை ஒருத்தர் படிப்பீர்களா?

சார்வாள்: அது மொய் மாதிரி வே. நான் 40 பேருக்கு 'அருமை' போட்டால்தான் எனக்கு 40 அருமை திரும்பி வரும், நோட்டுப் போட்டு எழுதிவைக்காத குறைதான். நேற்று ஒருத்தர் மாமனார் தவறிவிட்டார் என்று போட்டிருக்கிறார், நான் கைப்பழக்கத்தில் 'அருமை, தொடருங்கள்' என்று போட்டுவிட்டேன்.

அண்ணாச்சி: ஆத்தாடி! அவர் என்ன சொன்னார்?

சார்வாள்: 'நன்றி ஐயா' என்று போட்டார். அவரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

(அண்ணாச்சி மெஷினைச் சூடேறப் போடுகிறார். அது சூடேறுவதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும்.)

அண்ணாச்சி: எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது. 2009-ல் பையன் எனக்கு பிளிக்கர் என்று போட்டோ போடுகிற இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தான். நம்ம கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த படங்களாகப் போட்டேன். அங்கேயும் இதே மொய்தான், நம் படத்தை ஒரு குழுவில் சேர்த்தால் வேறு ரெண்டு படத்துக்கு நாம் பாராட்டு எழுத வேண்டும். ஆனால் ஒன்று சொல்லணும் சார்வாள். 'சைபீரியக் கொக்கு' என்று ஒரு படத்துக்குப் பேர் வைத்திருந்தேன், எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தர், முகம்கூடத் தெரியாது, 'ஐயா, இது கொக்கும் இல்லை, சைபீரியாவும் இல்லை, மஞ்சள் மூக்கு நாரை, உங்கள் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. இமயமலை தாண்டி வருகிறதென்று பார்த்தால் வரித்தலை வாத்து வரும், அதுவும் மத்திய ஆசியாவிலிருந்து' என்று பொறுமையாக எழுதினார். எனக்கு வெட்கமாகப் போச்சு. கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டுகிறது அது, அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நான்தான் கேட்டதில்லை.

சார்வாள்: அப்போ இன்டர்நெட் நல்லதுதான் என்கிறீர்.

அண்ணாச்சி: நல்லதுதான், கடைக்குத்தான் கெடுதல். முன்பெல்லாம் ஒரு ரோலுக்கு 36 படம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் ஒரே ஒரு கிளிக். பிளாஷ் அடிக்கவில்லை என்றால் ஐயர் காலில் விழுந்து மறுபடியும் கட்டச் சொல்ல வேண்டியதுதான். ராத்திரி டார்க் ரூமில் சிவப்பு லைட்டைப் போட்டு, படம் கழுவுகிற ஹைப்போ மருந்தில் ஊறிய விரலோடுதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை எடுத்த கை சார்வாள் இது! இப்போது போனே கேட்காமல் எடுத்துவிடுகிறது. அன்றைக்கு ஒரு ஆச்சியை ரேஷன் கார்டுக்கு எடுத்தேன், சுருக்கமெல்லாம் போய்ப் பேத்தி மாதிரி வந்துவிட்டாள். ஆச்சிக்குச் சந்தோஷம், கார்டு ஆபீசில் ஏற்கவில்லை.

சார்வாள்: இதெல்லாம் யார் செய்த வேலை?

அண்ணாச்சி: கேட்டால் சிரிப்பீர்கள், பிலிம் விற்ற கொடாக் கம்பெனிக்காரனேதான்! அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன் என்கிற இன்ஜினியர் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்துவிட்டார். ஒரு படம் பதிவாக 23 வினாடி, பதிவாவதும் நாம் பாட்டுக் கேட்டோமே, அந்த மாதிரி கேசட்டில். கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஜனவரியில் கோர்ட்டில் போய் திவால் மனு கொடுத்தது. அதே வருசம் ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை பேஸ்புக் 100 கோடி டாலருக்கு விலை பேசியது. அப்போது அங்கே வேலை பார்த்தது மொத்தம் 13 பேர்.

சார்வாள்: 13 பேரா? நெல்லையப்பர் ஆனித் தேருக்குக் கட்டை போடக்கூடக் காணாதே வே!

அண்ணாச்சி: அந்த 13 பேர்தான் என் கடைத் தேரை நிலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

சார்வாள்: எனக்கு அப்படிக் குறை இல்லை. 2003-ல் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, தமிழில் அடித்து முதல் கவிதையை நாலைந்து பேருக்கு அனுப்பினேன். அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, ஒருத்தர் அடித்தது இன்னொருத்தர் கம்ப்யூட்டரில் திறக்காது. எல்லாருக்கும் கட்டம் கட்டமாகத்தான் போய்ச் சேர்ந்தது. எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக யூனிகோட் என்கிற எழுத்து முறை பரவின பிறகுதான் விடிந்தது.

அண்ணாச்சி: அப்போது உங்கள் கவிதை புரியாததற்கு ஒரு காரணமாவது இருந்தது.

சார்வாள்: ஏவே, கேலியா? போன மாசம் நான் எழுதிய நாலு வரி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது தெரியுமா? கீழே 'அப்துல் கலாம்' என்று போட்டிருந்தான். 'அது நான் எழுதியது' என்று எங்கள் தெருக் குரூப்பில் போட்டேன்.

அண்ணாச்சி: நம்பினார்களா?

சார்வாள்: பெரிய மனிதர் எழுதியதைத் திருடுகிறாயே என்று குரூப்பை விட்டே தூக்கிவிட்டார்கள். இப்போது தண்ணீர் லாரி வருகிற நேரம்கூட எனக்குத் தெரிவதில்லை.

(மெஷினில் பச்சை விளக்கு எரிகிறது. அண்ணாச்சி கவனிக்கவில்லை. எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.)

அண்ணாச்சி: இந்தக் காலத்துக்கு முன்னால் நீங்கள் எழுதினதே இல்லையா சார்வாள்?

சார்வாள்: எழுதினேன், அனுப்பவில்லை. நம்ம ராஜவல்லிபுரத்து எழுத்தாளர் வல்லிக்கண்ணன் இருந்தாரே, புதுசாக எழுதுகிறவர்களுக்குக்கூட, படித்துப் பார்த்து, நாலு வரி கார்டு போடுவார். நானும் ஒரு கதையைக் கவரில் போட்டு ஸ்டாம்பு எல்லாம் ஒட்டி, வண்ணார்பேட்டை தபால்பெட்டி வரைக்கும் மூன்று தடவை போனேன்.

அண்ணாச்சி: போட வேண்டியதுதானே?

சார்வாள்: போட்டால் படித்துவிடுவாரே வே!

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. அண்ணாச்சி சான்றிதழைக் கவருக்குள் செருகப் போனவர், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரொம்ப நேரம் பார்க்கிறார்.)

அண்ணாச்சி: சார்வாள், போன வாரம் வரைக்கும் இதில் ரோஜாப்பூதானே இருந்தது?

சார்வாள்: இந்த வாரம் டிசைன் மாற்றிவிட்டார்கள். பறவை லட்சணமாக இருக்கிறது, இல்லையா?

அண்ணாச்சி: லட்சணமாக இல்லாமல் என்ன செய்யும், இது என் நாரை.

சார்வாள்: என்னது?

அண்ணாச்சி: இடது காலில் பாசி ஒட்டியிருக்கிறது பாருங்கள். கூந்தன்குளத்துக் கரையில் காலையிலிருந்து மூன்று மணி நேரம் நின்றேன், அதுக்குப் பாசி இடது காலில், எனக்கு முள் வலது காலில். கீழே ஸ்டுடியோ பேர் போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டுச் சரியாக அந்த இடத்தில் உங்கள் பேரை எழுதியிருக்கிறான். முழுசாகக்கூட அழிக்கவில்லை, உங்கள் பேருக்குப் பக்கத்தில் 'யோ' என்று நிற்கிறதே, அது எங்கள் 'ஸ்டுடியோ'வில் உள்ள 'யோ'.

சார்வாள்: அட! நான் 'யோகி' என்று ஏதோ பட்டம் கொடுக்க வந்து இடம் காணாமல் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டில்கூடச் சொல்லிவிட்டேனே!

அண்ணாச்சி: லேமினேஷன் 40 ரூபாய். நாரைக்கு ஒரு 40.

சார்வாள்: கோபப்படாதேயும் அண்ணாச்சி. நிர்வாகியிடம் நான் பேசுகிறேன். இன்று ராத்திரியே உம்ம பேருக்கு ஒன்று வாங்கித் தருகிறேன், 'ஒளிப்படச் சுடர்' என்று.

அண்ணாச்சி: பின்னால் என்ன படம் போடுவான்?

சார்வாள்: இதே நாரைதான். இந்த மாசம் பூராவும் இதுதானாம்.

அண்ணாச்சி: (மேஜை டிராயரைத் திறந்து எண்ணுகிறார்) கவர் ரெண்டுதான் இருக்கிறது. உங்களுக்கு ஒன்று போட்டுவிடுகிறேன். இன்னொன்றை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்கிறேன், நீங்கள் பேசிவிட்டுச் சொல்லுங்கள். பேரில் 'ச்சு' விட்டுப்போகாமல் எழுதச் சொல்லுங்கள்.