இளவரசி மொரெட்டாவுக்காக ஒரு வாதம்

ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தங்கை விக்டோரியாவைப் பற்றி எழுதுபவர்கள், 61 வயதில் தன்னைவிட முப்பது வயதுக்கும் மேல் இளையவரான ரஷ்யர் ஒருவரை மணந்து, இருந்த சொத்தையெல்லாம் தொலைத்தவர் என்றே அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். வீட்டில் மொரெட்டா என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் கதையை, அந்தத் திருமணம் நடந்த 1927-இல் தொடங்குவது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

1866-இல் பிறந்த மொரெட்டா, இருபது வயதுகூட நிரம்பாத காலத்திலேயே, பல்கேரியாவை ஆண்டுவந்த பாட்டன்பர்க் இளவரசர் அலெக்சாண்டரை மனத்தால் வரித்துவிட்டார். தாய்க்கு முழுச் சம்மதம். ஆனால், ரஷ்யாவின் ஒப்புதல் இல்லாமல் 1885-இல் பக்கத்து மாகாணமான கிழக்கு ருமேலியாவைப் பல்கேரியாவோடு இணைத்துக்கொண்ட அலெக்சாண்டரை ஜார் மன்னர் அறவே வெறுத்தார். அவருக்குப் பெண் கொடுத்தால் ரஷ்யாவைப் பகைத்துக்கொள்ள நேரும் என்று ஜெர்மனியின் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், பிஸ்மார்க் தடுத்தார். மறு ஆண்டே அலெக்சாண்டர் கடத்தப்பட்டு, அரியணையையும் துறந்தார். நாடும் முடியும் இழந்து நின்ற மனிதருக்குக்கூட அந்தப் பெண்ணைக் கொடுக்க அவர்கள் இசையவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

1888 மார்ச்சில் தந்தை மூன்றாம் பிரெடெரிக் அரியணை ஏறியபோது மீண்டும் நம்பிக்கை துளிர்த்தது. தொண்டைப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டிருந்ததால் பேச்சிழந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதிக்காட்டிக்கொண்டிருந்த பேரரசர் அவர். பதவி விலகுவேன் என்று பிஸ்மார்க் மிரட்ட, அவர் பணிந்தார். ஆயினும் மகளின் ஆசையை நிறைவேற்றிவைக்கும்படி மகன் வில்ஹெல்முக்கு எழுத்தில் கட்டளையிட்டுவிட்டே, 99 நாள் ஆட்சிக்குப் பின் கண் மூடினார். அரியணை ஏறிய கையோடு மகன் அந்தச் சம்பந்தத்தை முறித்துப்போட்டார். சாகும் தறுவாயில் ஒரு தகப்பன் எழுதிவைத்ததற்கு அந்த அரண்மனையில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அலெக்சாண்டர் 1889-இல் ஓப்பரா பாடகி ஒருவரை மணந்தார். மொரெட்டாவை 1890 நவம்பரில் ஷாம்பர்க்-லிப்பே இளவரசர் அடோல்புக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கரு ஒன்று கலைந்தது. பிறகு குழந்தையே இல்லை. 1916-இல் கணவரும் இறந்தார்.

1918-இல் பேரரசு வீழ்ந்து, அண்ணன் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத நிலையில், 1927 நவம்பரில், பான் நகரத்தில் அந்த ரஷ்யரை, அலெக்சாண்டர் சுப்கோவை, மணந்தார் மொரெட்டா. அந்த மனிதர் நல்லவர் என்று வாதாட நான் வரவில்லை; கடன் கழுத்தை நெரித்ததற்கு அவரே முதற்காரணம். ஆனால், இவரைத்தான் மணப்பேன் என்று தானே முடிவெடுத்து மணமேடைக்குப் போன ஒரே தடவை அதுதான் என்பதை மறந்துவிட்டு அந்தப் பெண்ணைப் புத்தி கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1929-இல் அவருடைய பொருட்கள் ஏலம் போயின. வாடகை அறையில் குடியிருந்த அவர், அதே ஆண்டு நவம்பரில் பான் நகர மருத்துவமனையில் இறந்தார். அவர் வாழ்ந்த ஷாம்பர்க் மாளிகை இன்றும் அங்கே ரைன் நதியோரம் நிற்கிறது. 1949 முதல் 1976 வரை மேற்கு ஜெர்மனியின் சான்சலர்கள், பிஸ்மார்க்கின் பதவிப்பெயரைத் தாங்கியவர்கள், மொரெட்டாவின் வீட்டில் அமர்ந்துதான் ஆட்சி செய்தார்கள்.